‘சரி’ங்குற ரெண்டெழுத்துக்கு 12 பவுண்டா?! | கோட்டுத் தாத்தா அப்டேட்

வணக்கம் மக்களே! கார்ல உக்காந்துதான் பேசுறேன். வெளிய அடிக்கிற காத்துக்கு மைக்ல ஒண்ணும் விழாது, போன வீடியோவுக்கு நீங்க திட்டுனதே போதும். பின்னாடி தெரியுதே ரெண்டு கம்பம், அதான் நம்ம ரக்பி கிளப். இன்னிக்கு சின்னப் பசங்களோட சீசன் கடைசி ஃபெஸ்டிவல். பையன் பர்கர் வரிசைல நிக்கிறான். அவன் வர்றதுக்குள்ள சொல்லிடுறேன், வெள்ளிக்கிழமைல இருந்து எனக்கு வயிறு எரியுது.

வெள்ளிக்கிழமை கிளப்ல அவார்டு நைட். ‘கிளப்மேன் ஆஃப் த இயர்’னு ஒரு கோப்பை. மேன்! 2025 செப்டம்பர் 27, லண்டன் ட்விக்கனம் ஸ்டேடியத்துல 81,885 பேர் உக்காந்து பொண்ணுங்க ரக்பி வேர்ல்ட் கப் ஃபைனல் பாத்தாங்க. இங்கிலாந்து கனடாவ 33-13ன்னு சாத்துச்சு. கோப்பைல மட்டும் இன்னும் மேன். சரி, அது தனி வீடியோ.

கோப்பை ஒரு கோச்சுக்குப் போச்சு. நல்ல மனுஷன், அவர் மேல எனக்குக் கோவமே இல்ல. அப்புறம் மைக் பிடிச்சவரு, “நம்ம வாலன்டியர்ஸ் எல்லாருக்கும் பலமா ஒரு கைதட்டல்!”னாரு. தட்டினோம். யாருக்குத் தட்டினோம்? அந்த ஹால்ல முக்காவாசி பேரு வாலன்டியர்தான். எங்களுக்கு நாங்களே தட்டிக்கிட்டோம். கோட்டுத் தாத்தா கதவோரமா நின்னுகிட்டு அவரும் தட்டுறாரு! எனக்கு அங்கதான் ஏறுச்சு.

புதுசா வந்தவங்களுக்கு: கோட்டுத் தாத்தான்னா எங்க மைதானத்துக்குக் கோடு போடுற பெரியவரு. வயசு 74. அவர் பேரன் இங்க ஆடி முடிச்சு, காலேஜ் போயி, வேலைக்கே போயிட்டான். இவர் மட்டும் போகல. லெஸ்டர் டைகர்ஸ் மாதிரி சம்பளம் குடுக்குற கிளப் இல்லீங்க இது. கோச்சு, ஃபர்ஸ்ட் எய்டு, ஜெர்சி துவைக்கிறவங்க, கிச்சன்ல நிக்கிற நான், ஒருத்தருக்கும் பத்துப் பைசா கிடையாது.

கோடு போடுறதுன்னா என்னமோ கோலம் போடுற மாதிரின்னு நானும் நெனச்சேன். அது ஒரு கணக்கு வாத்தியார் வேலை. பெரியவங்க மைதானம் கோல் கோட்டுக்குக் கோல் கோடு 100 மீட்டர் வரைக்கும். 22 மீட்டர் கோடு, நடுக்கோடு, 10 மீட்டர்ல விட்டு விட்டு ஒரு கோடு, 5, 15ன்னு துண்டுக் கோடுங்க. பசங்களுக்கு வயசுக்கு ஒரு அளவு, எங்க பையனோட அண்டர்-9க்கு 60க்கு 30. ஃபெஸ்டிவல்னா ஒரே மைதானத்த வெட்டி நாலஞ்சு குட்டி மைதானம். மூலை நேரா இருக்கான்னு எப்படிப் பாக்குறாரு தெரியுமா? ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4, குறுக்க 5 வரணும். வந்தா மூலை சரி. நம்ம ஊர்ல வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறதுக்கு முன்னாடி கொத்தனார் மூலமட்டம் பாக்குற அதே 3-4-5! அத அவர்கிட்ட சொன்னப்போ, “அப்ப உங்க ஊர்லயும் எனக்கு வேலை இருக்கு”ன்னாரு.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். அவர் இந்த வேலைய தனியா செய்யுறாரு. டேப்போட ஒரு முனைய ஸ்க்ரூடிரைவர் வெச்சு மண்ணுல குத்திட்டு, மறுமுனைய இழுத்துட்டு நடக்குறாரு. பாதி வழில ஸ்க்ரூடிரைவர் பிடுங்கிக்கும். திரும்ப நடக்கணும். உங்களுக்கு என்ன பரிசு பிடிக்கும்னு நான் சுத்தி வளைச்சுக் கேட்டப்போ, “சனிக்கிழமை காலைல யாராச்சும் டேப்போட அந்த முனைய பிடிச்சா போதும்மா”ன்னாரு. அன்னிலேருந்து எங்க வீட்டுக்காரர் போறாரு. போறாருன்னா, அனுப்புறேன்.

ஆனாலும் கையில ஏதாச்சும் குடுக்கணும்ல? கோப்பை வேண்டவே வேண்டாம். தங்கக் கலர் பிளாஸ்டிக் பொம்மை ஒண்ணு காலைத் தூக்கிட்டு நிக்குமே, அதப் பாத்தாலே எனக்கு ஆகாது. கிச்சன்ல நாங்க அஞ்சாறு பேர் சேந்து ஒரு ஃப்ளாஸ்க் வாங்கினோம். நல்ல கனமான ஸ்டீல். அதுல பேரு பொறிக்கணும். இப்பதான் கதையே.

கடையில முதல் 20 எழுத்து இலவசம், அதுக்கு மேல எழுத்துக்கு 45 பென்ஸ். சரின்னு அவர் பேரையும் கிளப் பேரையும் எழுதிக் குடுத்தா 27ன்னு கணக்கு சொல்றான். நான் விரல் விட்டு எண்ணுறேன், 24தான் வருது. கேட்டா இடைவெளியும் எழுத்தாம்! ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு 45 பென்ஸ்! மூணு இடைவெளி, 1 பவுண்டு 35. நின்னேன். சண்ட போட்டேன். கியூ பின்னாடி நீளுது, நான் நகரல. கடைசில கிளப் பேர எடுத்துட்டேன். அவருக்குத் தெரியாதா அவர் கிளப்பு எதுன்னு?

அப்புறம் நான்தான் வாய வெச்சிட்டு சும்மா இல்லாம, தமிழ்ல ‘சரி’ன்னு போட முடியுமான்னு கேட்டேன். ஏன்னா அவருக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் வார்த்தை அது. எங்க பையன நான் “சரி, சரி, வா”ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் பிடிச்சிக்கிட்டாரு. எந்தக் கோடு முடிஞ்சாலும் கோடு போடுற மெஷின நிறுத்திட்டு “சரி”ம்பாரு. கடைக்காரன் பேரு பொறிக்கிற மெஷின்ல தமிழ் எழுத்து இல்லையாம், படமா அனுப்பினா ‘லோகோ’ கணக்கு. 12 பவுண்டு. ரெண்டெழுத்து, எழுத்துக்கு 6 பவுண்டு! எங்க அம்மா கேட்டா அந்தக் கடைக்கே நடந்து வருவாங்க. குடுத்துட்டேன். அத பில்லுல காட்டாம என் கைக்காசுலதான் குடுத்தேன், கிச்சன்ல யாருக்கும் தெரியாது. இந்த வீடியோவ அவங்க பாக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

நடுவுல ஒரு தோழி கேட்டா, ஏன்டி பெரிய மெடலுக்கு எழுதிப் போடலாமேன்னு. போடலாம். இங்க யார் வேணா யாருக்கு வேணா பரிந்துரைக்கலாம். ஊருக்கு உழைக்கிறவங்களுக்குன்னு பிரிட்டிஷ் எம்பயர் மெடல 2012ல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஆனா வருஷக்கணக்குல இழுக்கும், அதுவும் ‘எம்பயர்’ங்குற வார்த்தைய என் கையால எழுத எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு. வாலன்டியர் குழுவுக்குன்னா கிங்ஸ் அவார்டு ஒண்ணு இருக்கு, நவம்பர் 14 அறிவிப்பாங்க. கிச்சன் கூட்டம் மொத்தமா போட்டுப் பாக்கலாம். ஜூன் முதல் திங்கக்கிழமைல இருந்து ஒரு வாரம் வாலன்டியர்ஸ் வீக் வேற வருது. போன வருஷம் அதுக்கு எங்க கிளப் போட்ட நன்றி போஸ்டர்ல ரக்பி பந்துக்குப் பதிலா அமெரிக்கன் ஃபுட்பால் பந்து இருந்துச்சு. ஹெல்மெட்டோட! ஒருத்தரும் கவனிக்கல, நான்தான் சொன்னேன். எனக்குக் கெட்ட பேரு.

கிளப் ஹால் சுவத்துல தங்க எழுத்துல ஒரு பலகை உண்டு. பிரசிடென்ட் பேரு, கேப்டன் பேரு. கமிட்டிக்கு எழுதியிருக்கேன்: பக்கத்துல இன்னொரு பலகை, கோடு போட்டவங்க, துணி துவைச்சவங்க, டீ ஊத்தினவங்க பேரு. பதில் வரல. இடைவெளிக்கும் காசு கேப்பாங்கன்னு பயமோ என்னமோ.

ஃப்ளாஸ்க்க நேத்து கோடு போடுற எடத்துலயே குடுத்துட்டோம். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “இது என்ன எழுத்து?”ன்னாரு. படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, மூடியத் திறந்து உள்ள மோந்து பாத்துட்டு, மெஷின் கைப்பிடில மாட்டிக்கிட்டு அடுத்த கோட்டுக்குப் போயிட்டாரு. இன்னிக்குக் காலைல பாக்குறேன், அந்த 12 பவுண்டு ‘சரி’ மேல அப்பிக் கெடக்கு வெள்ளப் பெயிண்ட்டு, கட்டைவிரல் ரேகையோட. ‘ச’ மட்டும்தான் தெரியுது.

இந்தா வந்துட்டான். டேய், எனக்கு எங்கடா பர்கர்?