சிங்கராஜாவை விட இந்த லாமாதான் எனக்குப் பெரியவன்

வணக்கம், வணக்கம். எல்லோரும் நலமா? பின்னால் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், மேற்கு மாம்பலத்தில் இந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் குக்கர்தான். இன்றைக்கு வேறு ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அப்புறம். என் கையில் இருப்பதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், தெரிகிறதா? 'தி எம்பரர்ஸ் நியூ க்ரூவ்'. 2000ஆம் ஆண்டு வந்த டிஸ்னி படம். டிவிடி! அசல் டிவிடி!

எங்கே கிடைத்தது என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மூர் மார்க்கெட். அதாவது சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது, ஆனாலும் நாம் இன்னும் மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறோம். பழைய பொறியியல் புத்தகங்களுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போன டிவிடிகள். பாதி பக்திப் பாடல்கள். அவற்றுக்கு நடுவே அட்டைப் படத்தில் இந்த லாமா, அதாவது தென் அமெரிக்காவின் ஒட்டக இன மிருகம், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் 120 ரூபாய் சொன்னார். நான் 50 என்றேன். "இது இப்போ எங்கேயும் வராது சார்" என்றார். வராதுதான், அது எனக்கும் தெரியும், அதனால்தான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளிப் போய் நின்றேன். அவரே கூப்பிட்டார். 70 ரூபாய். எழுபது! இன்று திரையரங்கில் ஒரு சிறிய பாப்கார்ன்கூட அந்தப் பணத்துக்குக் கிடைக்காது.

சரி, வாங்கியாகிவிட்டது, எதில் போட்டுப் பார்ப்பது? என் மடிக்கணினியில் டிவிடி போடும் இடமே கிடையாது. இப்போது வரும் பெரும்பாலானவற்றில் கிடையாது. அதனால் அங்கிருந்தே மெட்ரோ. சென்ட்ரலுக்கு அடுத்த நிலையம் அரசினர் தோட்டம், இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. முதல் கடையில் வெளியே வைத்து இணைக்கும் டிவிடி டிரைவ் 1,400 ரூபாய் என்றார்கள். போட்டுக் காட்டுங்கள் என்றால், "பெட்டியைப் பிரித்தால் வாங்கித்தான் ஆகவேண்டும்" என்கிறார்கள். ஓடுகிறதா என்று தெரியாமல் எப்படி ஐயா வாங்குவது? எனக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடையில், பயன்படுத்தியதுதான், 950 ரூபாய்க்கு, என் டிவிடியையே போட்டு ஓட்டிக் காட்டிக் கொடுத்தார் ஒரு பெரியவர். எழுபது ரூபாய்ப் படத்துக்கு 950 ரூபாய் டிரைவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன்.

படத்துக்கு வருகிறேன். பலருக்குக் கோபம் வரும், வரட்டும். 'தி லயன் கிங்' படத்தை விட இந்தப் படம் பெரிய படம். எனக்குப் பிடித்த படம் என்று மட்டும் சொல்லி நழுவப் போவதில்லை. பெரிய படம்.

லயன் கிங் 1994. எல்லோருக்கும் தெரியும். முஃபாசா செத்துப்போகிறார், குட்டி சிம்பா அப்பாவின் கைக்கடியில் நுழைந்து படுத்துக்கொள்கிறான், நாம் அழுகிறோம். அழுகிறோம் என்பதாலேயே அது காவியம் ஆகிவிட்டது. ஆனால் கதை என்ன சொல்கிறது? ராஜாவின் மகன் திரும்பி வந்தால்தான் மழை பெய்யும். புல் முளைக்கும். கழுதைப்புலிகள் பசியோடு எல்லைக்கு வெளியே யானை எலும்புகளுக்கு நடுவே கிடக்க வேண்டும், அதுதான் இயற்கையின் நியதி. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்பதை இத்தனை அழகான இசையோடு சொன்ன படம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. இசைக்குக் குறை சொல்லமாட்டேன், ஹான்ஸ் ஸிம்மருக்கு ஆஸ்கர் கொடுத்தது நியாயம்.

இந்தப் பக்கம் குஸ்கோ. பேரரசன். தன் கோடைக்கால மாளிகையைக் கட்ட ஒரு மலைக்கிராமத்தையே இடிக்கப் பார்க்கிறான். அந்த ஊர்த் தலைவன் பாச்சா, லாமா மேய்ப்பவன். ஆலோசகர் இஸ்மா குஸ்கோவுக்கு விஷம் வைக்கப் பார்க்க, அவளுடைய ஆள் க்ரான்க் குப்பியை மாற்றிக் கொடுக்க, பேரரசன் லாமாவாகிவிடுகிறான். மேய்ப்பவனிடம் மேய்க்கப்படும் மிருகமாக! இதற்கு மேல் ஓர் அரசனை எப்படித் தரையில் இறக்குவது? யாரும் சாகவில்லை, யாரும் மேகத்திலிருந்து உபதேசம் செய்யவில்லை. கடைசியில் அந்த மலையை விட்டுவிட்டுப் பக்கத்து மலையில் ஒரு சின்னக் குடிசை கட்டிக்கொள்கிறான். இதைச் சொல்லும்போதே மனம் நிறைகிறது.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். லயன் கிங்கை இயக்கிய இருவரில் ஒருவர் ராஜர் ஆலர்ஸ். அவர்தான் இந்தப் படத்தையும் தொடங்கினார். அப்போது இதன் பெயர் 'கிங்டம் ஆஃப் தி சன்'. இதுவும் பெரிய காவியமாக, ஆங்கிலப் பாடகர் ஸ்டிங்கின் பாடல்களோடு வரவேண்டியது. வேலை சரியாக வரவில்லை, அவர் பாதியில் விலகினார், மார்க் டிண்டால் அதை முழு நகைச்சுவையாக மாற்றி எடுத்து முடித்தார். இதைப் பலர் ஒரு வீழ்ச்சிக் கதை மாதிரி சொல்கிறார்கள், காவியம் கைநழுவி வெறும் நகைச்சுவை ஆகிவிட்டதாம். 'வெறும்' என்ற அந்தச் சொல்தான் என் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது.

உணவகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குஸ்கோவும் பாச்சாவும் ஒரு மேசையில். இஸ்மாவும் க்ரான்கும் அதே கடையில். சமையலறைக் கதவு ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒருவர் உள்ளே போகும்போது ஒருவர் வெளியே வருகிறார், நூலிழையில் ஒருவரையொருவர் பார்க்காமல் தப்புகிறார்கள். க்ரான்க் அடுப்படிக்குள் புகுந்து எல்லோருக்கும் சமைக்கவே தொடங்கிவிடுகிறான். ஒரு நொடி பிந்தினால் அத்தனையும் குலைந்துபோகும். சோகக் காட்சியில் இரண்டு நொடி பிந்தினால் அதை ஆழம் என்று பாராட்டுவோம்!

இந்தக் காட்சியில்தான் என் டிவிடி உறைந்து நின்றது. கீறல். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய டிவிடி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டமாகப் பதிந்திருப்பதால் வட்டமான கீறல்தான் அதிகம் கெடுக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அப்படியே துடைத்தேன். ஓடியது! க்ரான்க் வாணலியோடு திரும்பி வந்தபோது நான் கைதட்டிவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் இத்தனை சூடாகச் சொல்கிறேன் என்றால், நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. அழ வைத்தால் கலை, சிரிக்க வைத்தால் பொழுதுபோக்கு. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மூன்றாம் பிறைக்கு, நாயகனுக்கு, இந்தியனுக்கு. 1990இல் வந்த மைக்கேல் மதன காமராஜனுக்குக் கிடையாது. நான்கு பாத்திரம், நான்கு உடல்மொழி, அதில் சைவச் சமையல்காரர் காமேஸ்வரனுக்குப் பாலக்காட்டுப் பேச்சு. மீன் சாம்பாரில் விழுந்த பிறகு அந்த மனிதர் முகம் போகும் போக்கைப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை அது நாயகனை விடக் கடினமான நடிப்பு. இதைச் சொன்னால் வீட்டிலேயே எனக்குச் சாப்பாடு கிடைக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அதைவிடக் கொடுமை நாகேஷ். 1964இல் காதலிக்க நேரமில்லை படத்தில் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் நாகேஷ்! அவருக்குத் தேசிய விருது கிடைத்தது எப்போது? நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்தபோது. அதில் அவர் மிக நன்றாக நடித்திருக்கிறார், மறுக்கவே மாட்டேன். ஆனால் அத்தனை ஆண்டுகள் சிரிக்க வைத்தது கணக்கில் வரவில்லையா? அமெரிக்காவிலும் அப்படித்தான். 1992இல் அலாவுதீனின் பூதத்துக்கு ராபின் வில்லியம்ஸ் கொடுத்த குரல் ஒரு படத்தையே தூக்கி நிறுத்தியது. ஆஸ்கர் வந்தது 'குட் வில் ஹன்டிங்' படத்துக்கு.

அடுத்தது 'அப்'. 2009. இதற்கும் அடி விழும். அந்தத் தொடக்கம், கார்லும் எல்லியும் கல்யாணம் செய்து, குழந்தை இல்லாமல், வயதாகி, எல்லி இறந்துபோவது வரை வசனமே இல்லாமல் சில நிமிடங்களில் ஓடும். உலகமே அதைத்தான் கொண்டாடுகிறது. எனக்கு அந்தப் படத்தில் உயிரே டக் என்ற அந்த நாய்தான். கழுத்துப் பட்டை நாயின் மனதைப் பேச்சாக்குகிறது. நாய் பேசும் படங்கள் ஆயிரம் வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் நாய்த்தோலுக்குள் ஒரு மனிதன் பேசுவான். இங்கே ஒரு நாய் நாயாகவே யோசிக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ அணில் என்று தலையைத் திருப்புகிறது. பார்த்த மறுநொடி உங்களை நேசிப்பதாகச் சொல்கிறது. மூர்க்கமான தலைவன் நாய்க்குப் பட்டை பழுதாகிக் கீச்சுக்குரல் வந்துவிடும் இடத்தில் நான் மூச்சு முட்டச் சிரித்திருக்கிறேன். முதுமையையும் மரணத்தையும் காட்டி அழ வைக்க உலகத்தில் நிறையப் பேருக்குத் தெரியும். அந்தப் பட்டையை யோசித்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

இப்போது பெரிய வெடி. கதவைச் சாத்திக்கொள்கிறேன், அண்ணன் பக்கத்து அறையில் இருக்கிறான். சுந்தர் சி. 2003இல் இரண்டு படங்கள் தந்தார். பொங்கலுக்கு அன்பே சிவம். அதே ஆண்டில் வின்னர். அன்பே சிவம் அப்போது ஓடவில்லை, பிறகு எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதில் ஒரு பாதி உயிர். புவனேஸ்வரம் விமான நிலையத்தில் மாதவன் கமலைத் தீவிரவாதி என்று நினைத்துக் காட்டிக்கொடுப்பது, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்வது, அதெல்லாம் பொன். முன்கதை தொடங்கியதும் படம் மேடை ஏறிவிடுகிறது. கெட்டவர் சிவனைக் கும்பிட்டுக்கொண்டே கெடுதல் செய்கிறார், நல்லவர் விபத்தில் சிதைந்த பின்னும் அன்பைப் பேசுகிறார், நமக்கு யோசிக்க எதையுமே மிச்சம் வைக்கவில்லை. வின்னரில் கைப்புள்ள வருத்தப்படாத வாலிபர் சங்கத்தை வைத்துக்கொண்டு, தரையில் கோடு கிழித்துவிட்டுத் தாண்டாதே என்று நிற்கிறானே, அதில் இருக்கிறது நம் ஊர். பயந்தவன் வீரம் பேசுவது, அடி வாங்கியும் கௌரவத்தை விடாமல் இருப்பது. வடிவேலு வரும் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அன்பே சிவத்தை விட வின்னர் மனிதனை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் படம். இதில் நான் ஓர் அங்குலம்கூட நகரமாட்டேன்.

லயன் கிங்கைப் பற்றி இன்னொன்று, முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2019இல் நிஜ மிருகங்கள் மாதிரியே எடுத்தார்களே, அதை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் பார்த்தால் நானும் திட்டுவேன், சிங்கத்தின் முகம் கல் மாதிரி இருக்கிறது. தமிழில் பாருங்கள். சிம்பாவின் தோழர்களான டிமோனுக்குச் சிங்கம்புலி, பும்பாவுக்கு ரோபோ சங்கர். அந்த இரண்டு குரல்களும் அசையாத முகங்களை அசைய வைத்தன. மொழிமாற்றுப் படம் என்றாலே மூக்கைச் சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அப்போது தமிழ்க் காட்சி தேடினால் பாதி இடங்களில் காலை ஒன்பது மணிக்கு ஒன்றே ஒன்று! பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்பிக்கொண்டு யார் போவார்கள்?

ஜப்பானுக்கு ஒரு நிமிடம். 1988 ஏப்ரலில் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்', 'மை நெய்பர் டோட்டோரோ' இரண்டும் ஒரே காட்சியில் சேர்த்து வெளியாயின. முதலாவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் வாயடைத்துப்போய், அதுதான் கலை என்கிறார்கள். மழையில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு அந்தப் பெரிய உருவமும் இரண்டு சிறுமிகளும் நிற்கிறார்கள் பாருங்கள், ஒன்றுமே நடக்காத அந்தக் காட்சியைத்தான் நான் மேலே வைப்பேன். போரைக் காட்டினால் மனம் தானாகக் கலங்கும். சும்மா பஸ்ஸுக்குக் காத்திருப்பதைக் காட்டி மனத்தை நிறைப்பதற்குத்தான் டோட்டோரோவை இயக்கிய மியாசாகி வேண்டும்.

'ஃப்ரோஸன்' பற்றிக் கேட்பீர்கள். ஓலாஃப் என்ற பனிமனிதன் இருக்கும் இடங்கள் பிடிக்கும், மற்றதில் எனக்குக் கொட்டாவி வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் காதலிக்க நேரமில்லை. அந்தப் பேய்க்கதைக் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போகிறோம், நாகேஷை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தை மட்டும். உங்களை அழ வைத்த படங்களின் பட்டியலை எனக்கு அனுப்ப வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சிரிக்க வைத்த ஒரே ஒரு காட்சி, எந்தப் படம், அதில் யார் என்ன செய்தார் என்று விவரமாக எழுதுங்கள். இந்த டிரைவ் இருப்பதால் பழைய டிவிடியாக இருந்தாலும் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவேன். அண்ணன் கதவைத் தட்டுகிறான், வின்னர் பேச்சு காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. நான் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறேன், வணக்கம்.