26 ஆண்டு காத்திருந்த கவிதை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் தம் வாழ்நாளில் வெளியிட்ட கவிதைகள் ஏறத்தாழ 100தான். எனக்கு அவர்மேல் மதிப்பு பிறந்ததே அந்தக் கணக்கைக் கேட்டுத்தான். சரியான சொல் கிடைக்கும்வரை ஒரு கவிதையையும் அவர் அச்சுக்கு அனுப்பியதில்லை.

1911-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தார். எட்டு மாதத்தில் தந்தையை இழந்தார். ஐந்து வயதில் தாயை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கனடாவில் கிரேட் வில்லேஜ் என்னும் சிற்றூரில் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும் சில காலம் வைத்து வளர்த்தார்கள்.

1951-இல் பிரேசிலுக்குப் போனவர் அங்கே முந்திரிப்பழம் தின்றார். ஒவ்வாமையால் முகமும் கைகளும் வீங்கிவிட்டன. அருகிருந்து கவனித்துக்கொண்ட லோட்டா என்ற தோழியோடு சுமார் 15 ஆண்டுகள் அந்த நாட்டிலேயே வாழ்ந்தார். 1956-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இனி, நான் சொல்ல வந்த 'தி மூஸ்' என்ற கவிதை. 1946-இல் கிரேட் வில்லேஜிலிருந்து பாஸ்டனுக்கு பஸ்ஸில் திரும்பினார். அந்தப் பயணத்தை எழுதத் தொடங்கினார். 1956-இல் தம் சித்திக்கு, உங்களுக்கென்று ஒரு நீண்ட கவிதை எழுதியிருக்கிறேன், அச்சானதும் அனுப்புகிறேன் என்று கடிதம் போட்டார். கவிதை முடிந்ததோ 1972-இல்! அத்தனை காலம் சித்தியும் காத்திருந்தார், கவிதையும் காத்திருந்தது.

அதில் இரவு பஸ்ஸின் பின்னிருக்கையிலிருந்து முதியவர்களின் பேச்சு தாலாட்டுப் போல வருகிறது. யார் இறந்தார், யார் மறுமணம் செய்தார், எந்த மகன் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனான்... இடையிடையே மூச்சை உள்ளிழுத்தபடி ஒரு "ஆமாம்". பாதி முனகல், பாதி ஏற்பு. பெற்றோரில்லாமல் வளர்ந்தவருக்கு அந்த ஒரு சொல்லைக் காதில் கேட்டபடி எழுத எத்தனை ஆண்டு பிடித்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

திடீரென ஓட்டுநர் பிரேக் போடுகிறார், விளக்கை அணைக்கிறார். காட்டிலிருந்து வெளிவந்த மூஸ் என்னும் பெரிய மான், கொம்பில்லாத பெண் மான், சாலை நடுவில் நிற்கிறது. பஸ்ஸின் முன்பக்கத்தை மோந்து பார்க்கிறது. பயணிகள் குழந்தைகளைப்போலக் கிசுகிசுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. ஏன் என்று கவிஞர் கேட்கிறாரே தவிர, பதில் எழுதவில்லை.

பஸ் நகர்கிறது. கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தால் நிலவொளியில் அது இன்னும் அங்கேயே நிற்கிறது. பிறகு மானின் மெல்லிய வாடையும் பெட்ரோல் நெடியும்.