முதலில் வந்தது கெட்டித்தன்மையா, கட்டியா?

மார்பகத்தில் கட்டி இருந்தால் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். டாக்டர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த விஷயம்தான், ஆனால் புற்றுநோய் வந்தது, அதனால் கெட்டியானது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார்கள். இயற்பியல் கண்ணோடு பார்த்தவர்கள்தான் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: கெட்டியானதே புற்றுநோய்க்கு ஒரு காரணமோ?

அமெரிக்காவில் வலரி வீவரும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். அவர்கள் அளந்த சாதாரண மார்பகத் திசுவின் விறைப்பு, பாஸ்கல் என்ற அலகில், 200க்கும் கீழே, கட்டியில் 4,000 பக்கம். சரி, மார்பகச் செல்களை மென்மையான ஜெல்லில் வளர்த்தால் நடுவில் குழிவுள்ள குட்டி உருண்டைகளாக அடுக்கிக்கொண்டு சமர்த்தாக நின்றுவிடுகின்றன. அதே செல்களை, மரபணுவைத் தொடாமல், கெட்டியான ஜெல்லில் வைத்தால் குழிவு அடைபட்டு, வரிசை குலைந்து, தம் பாட்டுக்குப் பெருகுகின்றன.

ஏன் இப்படி? செல் இன்டெக்ரின் என்ற புரதத்தால் சுற்றியிருக்கும் இழைகளைப் பிடித்து எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, எதிர்ப்பக்கம் நெகிழ்ந்தால் இதுவும் தளரும், எதிர்ப்பக்கம் அசையாவிட்டால் இன்னும் முறுக்கிக்கொண்டு இழுக்கும். அந்த இழுவிசையே உள்ளே 'வளரு' என்ற சமிக்ஞையைத் தூண்டிவிடுகிறது.

மரபணுப் பழுதுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவரவில்லை. பழுதுபட்ட செல்கள் நல்ல உடம்பிலும் உண்டு, எல்லாம் புற்றாவதில்லை. எது தலைதூக்கும் என்பதில் செல்லைச் சுற்றியுள்ள இடத்துக்கும் பங்குண்டு என்கிறேன், அவ்வளவே.

கல்லீரலைப் பாருங்கள். வைரஸோ குடியோ கொழுப்போ, பல வருஷம் புண்ணாகி ஆறித் தழும்பேறிய சிரோசிஸ் கல்லீரலில்தான் பெரும்பாலும் கல்லீரல் புற்று வருகிறது. கெட்டித்தன்மை முன்னால், கட்டி பின்னால். (அழற்சியும் கூடவே இருப்பதால் மொத்தப் பழியையும் கெட்டித்தன்மை மேல் போட முடியாது.) கல்லீரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னத் தட்டு, அந்த அதிர்வலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அல்ட்ராசவுண்ட் பார்க்கும், வேகம் கூடினால் கெட்டி அதிகம், ரிப்போர்ட்டில் கிலோபாஸ்கல் வரும். பள்ளிக்கூட இயற்பியல்தான்!

அப்புறம் மருந்து. செல்களைச் சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பின்னிக் கெட்டியாக்கும் லாக்ஸ் என்ற நொதியைத் தடுத்தால் எலிகளில் மார்பகக் கட்டி குறைகிறது என்று 2009இல் காட்டினார்கள். அதே குடும்பத்து நொதி ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாப் மருந்தைக் கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பலனில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. எலிகளுக்குக் கட்டி முற்றுவதற்கு முன்பே கொடுத்தார்கள், நோயாளிகளுக்கோ நோய் பரவிய பிறகு.