கிராம்பு மணக்கும் நாற்காலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஏழு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

‘சொத்தைப் பல்லுக்குக் கைகொடுப்பது அஞ்சறைப்பெட்டியா, டாக்டர் நாற்காலியா?’ இதுதான் தலைப்பு. நான் அஞ்சறைப்பெட்டி அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டு, கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். “கிராம்பு வெச்சா ஓட்டை அடைபடுமாய்யா?”

பத்துக் குறிப்பு எழுதி வந்திருந்தேன் நடுவர் அவர்களே. மடித்துப் பையில் போட்டுவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இறங்குவதாக இல்லை.

அடைபடாது! ஆளை விடுங்கள், அடைபடவே படாது. பல்லின் மேலோடான எனாமலில் உயிரணு கிடையாது. ஓட்டை விழுந்துவிட்டால் அது திரும்ப வளராது. இதை எங்களுக்குச் சொல்லித்தர நீங்கள் வரவேண்டியதில்லை, ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும் என்று ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் எப்போதோ எழுதிவிட்டார். ஆயுர்வேதத்தில் சொத்தைப் பல்லுக்குக் கிருமிதந்தம் என்று பெயர். குழி விழுந்தால் வெல்லத்தையோ தேன்மெழுகையோ அதில் நிரப்பிச் சூடு போடு என்கிறது அவர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம். பல் ஆட ஆரம்பித்துவிட்டால் பிடுங்கி எடு என்கிறது சுசுருத சம்ஹிதை. அடை, முடியாவிட்டால் பிடுங்கு. இன்றைக்கு நாற்காலியில் சாய்த்துவைத்து டாக்டர் சொல்வதும் இதைத்தானே? மெழுகு போய் சிமெண்ட் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, நண்பரின் நாற்காலிக்கே போவோம். ஒருவருக்கு ராத்திரி முழுக்கப் பல்வலி. வீட்டில் பாட்டி கிராம்பை நீட்டுகிறார். “இந்தக் காலத்துல போய் கிராம்பா?” என்று தட்டிவிட்டு, விடிந்ததும் கிளினிக்குக்கு ஓடுகிறார். கதவைத் திறக்கிறார். குப்பென்று ஒரு வாசனை. எங்கேயோ மோந்த வாசனை. யோசிக்கிறார். நாற்காலியில் சாய்கிறார். டாக்டர் சொத்தையைச் சுரண்டிவிட்டு, கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைக்கிறார். குழியில் வைத்து அமுக்குகிறார். வாயெல்லாம் மணக்கிறது. நம்மாள் திறந்த வாயை மூடாமலே கேட்கிறார்: “ஆக்கர்... இஹு எங்க ஹாட்டி ஹாஹனை!”

பின்வரிசையில் சிரிக்காதவர்களுக்காக இன்னொரு தரம், வாயை மூடிக்கொண்டு: “டாக்டர், இது எங்க பாட்டி வாசனை!”

அந்தப் பொடி துத்தநாக ஆக்சைடு. அந்த எண்ணெய் யூஜினால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். தற்காலிகமாகப் பல் அடைக்க எத்தனையோ காலமாகப் பல் மருத்துவர்கள் குழைக்கிற குழம்பு இது. பாட்டி நீட்டும்போது தட்டிவிட்டார், டாக்டர் நீட்டும்போது பில் கட்டினார்! நண்பரே, உங்கள் நாற்காலி நிற்கிற நான்கு காலில் ஒரு கால் எங்கள் அஞ்சறைப்பெட்டிக்குள் இருக்கிறது.

ஆனால் கிராம்பை எப்படி வைப்பது? சொத்தைக்காரர்கள் பாதிப் பேர் சொதப்புவது இங்கேதான். கிராம்பு எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து நேராக ஊற்றினால் ஈறு வெந்து வெளுத்து உரியும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். குழியில் சிக்கிய சோற்றுப் பருக்கையை வெளியே எடுங்கள். வலி கொஞ்சம் அதிலேயே குறையலாம். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் கலந்து, மிளகளவு பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டுக் குழிக்குள் மட்டும் வையுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், விழுங்கினால் கல்லீரலைப் பதம் பார்த்துவிடும்.

எருக்கம்பாலையும் எங்கள் கணக்கில் எழுதினார் நண்பர். அது வாயைப் புண்ணாக்கும், எங்கள் அணியில் அதற்கு இடமில்லை. கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லுக்குள்ளிருந்து புழு விழுமாம். சொத்தையை அரிப்பது புழு இல்லை. கிருமி சர்க்கரையைத் தின்றுவிட்டுக் கக்குகிற அமிலம். இனிப்பைக் கொறித்துக்கொண்டே இருக்கிற வாய்க்கு அஞ்சறைப்பெட்டியும் உதவாது, நாற்காலியும் உதவாது.

வேப்பங்குச்சி, திரிபலாக் கஷாயம், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு எல்லாம் ஓட்டை விழாத பல்லுக்கும் ஈறுக்கும். ஒரு டீஸ்பூன் திரிபலாவை ஒரு டம்ளர் நீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவைத்து, வடிகட்டி, ஆறியபின் கொப்பளியுங்கள். எண்ணெயை வாஷ்பேசினில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொண்டால் அதையும் எங்கள் அணிமேல் எழுதுவார் நண்பர்.

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் கிராம்பு வைத்தேன், வலி போச்சு, சொத்தை ஆறிடுச்சு என்பார்கள். சொத்தை ஆறவில்லை ஐயா. உள்ளே நரம்பு செத்திருக்கலாம். செத்த நரம்பு வலிக்காது. வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும். கன்னம் வீங்கி, காய்ச்சலடித்து, வாய் திறக்க முடியாமலோ விழுங்க முடியாமலோ போனால், பெட்டியை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மணி அடிக்கப் போகிறீர்கள் நடுவர் அவர்களே, பார்த்துவிட்டேன். ஒரே நிமிடம்.

ராத்திரி இரண்டு மணி. எந்தக் கிளினிக்கும் திறந்திருக்காது. காலையில் பரீட்சை எழுதவேண்டிய பத்தாம் வகுப்புப் பேரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். பாட்டிக்கு யூஜினால் தெரியாது, வாக்படரும் தெரியாது. இருட்டில் தடவி அந்தப் பெட்டியைத் திறக்கிறார். ஒரு கிராம்பை எடுத்து, “கடிச்சு நொறுக்காதடா கண்ணு, அப்படியே பல்லுல வெச்சுக்க” என்று கொடுத்துவிட்டு, அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்கிறார். அவன் தூங்கிப்போகிறான். அவர் தூங்கவில்லை. பரீட்சை முடிந்து அவன் வெளியே வரும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். கையில் பல் டாக்டரின் டோக்கன், இடுப்பு மடிப்பில் இன்னும் இரண்டு கிராம்பு.

வணக்கம்.