நவம்பர் 1, 1956: நிலம் சேர்ந்த நாளே தமிழ்நாடு நாள்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

தமிழ்நாடு நாளாகக் கொண்டாடத் தகுந்தது மொழிவழி மாநிலமாக நம் நிலம் சேர்ந்த நவம்பர் 1 ஆ, பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18 ஆ என்பதே இன்று உங்கள் முன்னுள்ள வழக்கு. 2019இல் ஓர் அரசு முன்னதை அறிவித்தது. 2021இல் அடுத்து வந்த அரசு பின்னதை அறிவித்தது. நான் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1இன் பக்கம் நின்று வாதாடுகிறேன்.

அன்று நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலமே, தமிழ்நாடு என்ற பெயரே இல்லாத நாளைத் தமிழ்நாடு நாள் என்பது எப்படிப் பொருந்தும் என்று எதிரணி நண்பர் கேட்டார். அதே நாளில் கன்னடப் பகுதிகள் ஒன்றுசேர்ந்து உருவான மாநிலத்தின் பெயரும் மைசூர்தான். கர்நாடகம் என்ற பெயர் 1973இல் வந்தது. அந்தப் பெயரைச் சூட்டுவதற்கும் அவர்கள் நவம்பர் 1ஐயே தேர்ந்தெடுத்தார்கள்.

அவையோரே, தென்கோடிக்கு வாருங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அவற்றைத் தாய்த்தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் தமிழர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாநிலத்தில் அப்போது ஆட்சியில் இருந்தது பிரஜா சோசலிஸ்ட் கட்சி. அதன் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே, தம் கட்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று கேட்டார் என்றால், அந்தச் சாவுகள் எவ்வளவு கனமானவை என்பதை நடுவர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி நம்மோடு சேர்ந்த நாள் நவம்பர் 1. ஜூலை 18ஐ மட்டும் கொண்டாடினால் அந்த மாவட்டத்து மக்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

1967 ஜூலை 18 அன்று பேரறிஞர் அண்ணாவின் ஆட்சியில் பேரவை ஒருமனதாக நிறைவேற்றிய பெயர்மாற்றத் தீர்மானத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அது நாடாளுமன்றத்திடம் நாம் வைத்த கோரிக்கை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14 அன்று. பெயரே அளவுகோல் என்றால் எதிரணி கேட்க வேண்டியது தைத்திங்களை அன்றோ?

தியாகி சங்கரலிங்கனாரையும் எதிரணி தன் சாட்சியாக அழைத்தது. அவர் 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பைத் தொடங்கி, அக்டோபர் 13 அன்று, நவம்பர் 1க்கு 19 நாள்களுக்கு முன், உயிர் நீத்தார். மொழிவழியில் உருவாகவிருந்த மாநிலம் தமிழ்நாடு என்ற பெயருடனேயே பிறக்க வேண்டும் என்று கேட்ட அந்தப் பெரியவர் 1956ஆம் ஆண்டுக்கு உரியவர். என் தரப்பின் சாட்சி.

தமிழர் வாழும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போய்க் கைநழுவிய நாள் அது என்ற வாதம் என்னையும் வருத்துகிறது. திருத்தணிகூட ஆந்திரத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் வந்து சேர்ந்தது. எந்த எல்லை கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு வரைபடம் விரித்துச் சொல்வதற்கும் அந்த நாளே வேண்டும் நடுவர் அவர்களே. மார்த்தாண்டத்தில் விழுந்தவர்கள் காணக் கொடுத்துவைக்காத அந்தத் தேதிக்கே தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.