விதியைவிடக் காதே பெரிது

நடுவர் அவர்களே, வணக்கம். ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசக் கைகொடுப்பது இலக்கண விதியா, கேட்டுப் பழகிய காதா என்பது இன்றைய கேள்வி. எதிரணி நண்பர் விரல்விட்டு அசை எண்ணிக் காட்டினார். (அசை என்றால் இங்கே 'சிலபிள்', சொல்லில் ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு. நம் யாப்பு அசை வேறு.) ஓரசை என்றால் 'ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட்'. மூன்றசை என்றால் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்'. பாடம் முடிந்தது என்றார்.

எங்கே முடிந்தது? 'ராங்' ஓரசைதான். 'ராங்கர்' என்று சொல்லிப் பாருங்கள், காது கூசுகிறது. 'அன்ஹாப்பி' மூன்றசை, ஆனால் 'அன்ஹாப்பியர்' ஆகிறது. 'கிளெவர்', 'ஈகர்' இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. 'கிளெவரர்' உண்டு, 'ஈகரர்' கிடையாது. எண்ணிய விரல் என்ன சொல்கிறது?

ஆங்கிலமே வீட்டுமொழியான மூன்று வயதுக் குழந்தை 'குடர்' என்கிறது, 'பேடர்' என்கிறது. பாவம், அது விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது! அம்மா 'பெட்டர்', 'வொர்ஸ்' என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் திருந்துகிறது. 'பெட்டர்' என்பது 'குட்' பெற்ற பிள்ளையே அல்ல. வேறு வேரில் பிறந்து தத்து வந்த சொல். அதை எந்த விதியில் தேடுவது?

சரி, பத்தாம் வகுப்பில் 'ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ்' என்பதை 'வெரி ஃபியூ சிட்டீஸ்' என்று மாற்றி எழுத விதி உதவியது. மதிப்பெண்ணும் வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் யாராவது 'வெரி ஃபியூ சிட்டீஸ்' என்று பேச்சை ஆரம்பித்திருக்கிறீர்களா?

ஷேக்ஸ்பியர் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதினார். அக்காலக் காதுக்கு அது அழுத்தம், பிழையல்ல. ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762இல் இலக்கண நூல் எழுதி, இப்படி இரட்டையாக ஒப்பிடுவதைக் கண்டித்தார். அவரே, பைபிளின் சங்கீதப் பாடல்களுடைய பழைய மொழிபெயர்ப்பில் கடவுளைச் சொல்லும் 'மோஸ்ட் ஹையஸ்ட்' மட்டும் பொருத்தமானது என்று விட்டுவிட்டார்!

மணி அடித்துவிடாதீர்கள், ஒன்றே ஒன்று. 'இந்த விதியைவிட மோர் பெட்டர் வழி இல்லை' என்று எதிரணி நண்பர் முழங்கினார். பெட்டருக்குள்ளேயே ஒப்பீடு இருக்க, மேலே எதற்கு ஐயா மோர்? விதி தெரியாதவரா அவர்? 'இன்னும் நல்லா' என்று தமிழில் கேட்டுப் பழகிய காது அவரை அப்படிச் சொல்ல வைத்துவிட்டது. அவர் தப்பும் எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி, நடுவர் அவர்களே.