கபுகிக்கு சீசன் எப்போ? நவம்பர் கடைசியில ஜப்பான் போறவங்க கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கபுகிங்கறது ஜப்பானோட மரபு மேடை நாடகம். அதப் பத்தி ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "நவம்பர் கடைசி வாரம் டோக்கியோவுல நாலு நாள், அப்புறம் கியோத்தோவுல ரெண்டு நாள். கபுகி பாக்கணும்னு ஆசை. சீசன் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுது? எந்த சீட்டு எடுக்கறது? நாலு மணி நேரம்னு போட்டிருக்கே, பாஷை தெரியாம அவ்வளவு நேரம் உக்கார முடியுமா?"

முதல்ல தேதிய பாத்துடலாம். நீங்க மாட்டிக்கப் போறது அங்கதான்.

வருஷத்துல ரெண்டு மாசம் நடந்துட்டு மூடிடற மாதிரியான சீசன் கபுகிக்குக் கிடையாது. டோக்கியோ கின்ஸாவுல இருக்கற கபுகிஸா அரங்கத்துல வருஷம் பூரா நடக்குது. ஆனா எல்லாமே மாசக் கணக்கு. ஒவ்வொரு மாசமும் ரெண்டாம் தேதி மூணாம் தேதி வாக்குல ஆரம்பிச்சு, 25, 26 வாக்குல முடிச்சிடுவாங்க. நடுவுல ஓரிரு நாள் லீவு. அடுத்த மாசம் வேற நாடகங்கள், வேற நடிகர்கள். அப்போ ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் அஞ்சாறு நாள் மேடை சும்மா இருக்கும். கியோத்தோ மினாமிஸா அரங்கத்தோட பெரிய நிகழ்ச்சி டிசம்பர் ஆரம்பத்துலதான் தொடங்கும். நீங்க போட்டிருக்கற திட்டம் கரெக்டா அந்த ஓட்டைக்குள்ள விழுது. டோக்கியோவுக்கு 22, 23 தேதியிலயே போய் இறங்குங்க. இல்லன்னா கியோத்தோவுல டிசம்பர் 2, 3 வரைக்கும் தங்குங்க. அந்த வருஷத்துத் தேதிய ஷோச்சிக்கு கம்பெனியோட தளத்துல பாத்துட்டு அப்புறமா விமான டிக்கெட் போடுங்க. கபுகிய நடத்தறது பெரும்பாலும் அந்த ஒரே கம்பெனிதான்.

அந்த அஞ்சாறு நாள் ஏன் சும்மா இருக்குன்னு கேட்டா, அதுதான் ஒத்திகை நாள். மொத்த ஒத்திகையே மூணு நாலு நாள்தான்! மரபு நாடகங்களுக்கு இயக்குநர்னு தனியா ஒருத்தர் கிடையாது. முக்கிய வேஷம் கட்டற நடிகர்தான் எல்லாத்தையும் தீர்மானிப்பார். எப்படி முடியுதுன்னா, ஒவ்வொரு வேஷத்துக்கும் 'கதா'ன்னு ஒரு வடிவம் பரம்பரையா வருது. எந்த வார்த்தையில தலைய திருப்பணும், எந்த அடியில கால வைக்கணும், எந்த நிறத்துல உடுப்பு, எல்லாம் அதுல அடக்கம். ஒரே வேஷத்துக்கு ஒரு குடும்பத்துக் கதா ஒரு மாதிரி, இன்னொரு குடும்பத்துது வேற மாதிரி. சின்ன வயசுலேர்ந்து அத உடம்புல ஏத்தி வெச்சிருக்கறவங்க மூணு நாள்ல சேந்து நின்னுடறாங்க. அதனால ஒரு விஷயம் கவனிங்க: முதல் ரெண்டு மூணு நாள் ஆட்டம் கொஞ்சம் பிடிப்பில்லாம இருக்கலாம். வசனம் மறந்தா மேடையில கறுப்பு உடுப்புல வர்ற உதவியாளரோ, பின்னாடி உக்காந்திருக்கற உதவியாளரோ அடியெடுத்துக் கொடுக்கறது கூட காதுல விழும். மாச நடுவுக்கு மேல பாக்கறது நல்லது.

சீசன்ங்கற பேச்சு சுத்தமா தப்புன்னும் சொல்ல மாட்டேன். எடோங்கற காலகட்டத்துல, அதாவது 1868க்கு முன்னாடி, நிஜமாவே அப்படி ஒண்ணு இருந்துச்சு. நடிகர்களோட ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. அது சந்திர நாட்காட்டியில 11ஆம் மாசம் தொடங்கி, அடுத்த வருஷம் 10ஆம் மாசம் முடியும். புது ஒப்பந்தம் ஆனதும், "இந்த வருஷம் நம்ம அரங்கத்துல இவங்கதான்"னு ஊருக்குக் காட்டற நிகழ்ச்சிக்கு 'காவோமிஸே'ன்னு பேரு. காவோன்னா முகம், மிஸேன்னா காட்டறது. முகம் காட்டற நிகழ்ச்சி. வாசல்ல வரிசையா நடிகர் பேர்ப்பலகை மாட்டுவாங்க. ரெண்டாவது பலகை அழகான காதல் நாயகனுக்கு, மூணாவது சிரிப்பு நடிகருக்கு. இன்னைக்கும் ஜப்பான்ல அழகான ஆம்பளைய 'நிமைமே', அதாவது ரெண்டாம் பலகைன்னு சொல்றது அங்கேர்ந்து வந்ததுதான்.

இப்ப வருஷ ஒப்பந்தம் இல்ல. ஆனா அந்தப் பேரும் சடங்கும் அப்படியே இருக்கு. டோக்கியோ கபுகிஸாவுல நவம்பர்ல, கியோத்தோ மினாமிஸாவுல டிசம்பர்ல. நவம்பர்ல கபுகிஸா முகப்புக்கு மேல துணி சுத்தின ஒரு சின்ன மரக் கோபுரம் ஏத்துவாங்க. அது அந்தக் காலத்துல அரசாங்க உரிமம் வாங்கின அரங்கத்துக்கு அடையாளம். கியோத்தோவுல இன்னும் விசேஷம். ஹினோக்கி மரப் பலகை, ஆள் உயரம், ஒரு அடி அகலம், அதுல ஒவ்வொரு நடிகர் பேரையும் தடிமனான எழுத்துல எழுதி முகப்பு பூரா மாட்டுவாங்க. நவம்பர் கடைசியிலயே மாட்டிடறதால, ஆட்டம் பாக்க முடியலன்னாலும் இது உங்க கண்ணுல படும். எழுத்துக்கு நடுவுல இடைவெளியே விடாம அடைச்சு எழுதியிருப்பாங்க. காலி இருக்கை இருக்கக்கூடாதுன்னு நம்பிக்கை. கோட்டு நுனி எல்லாம் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், கூட்டத்த உள்ள இழுக்கணுமாம்.

வேற மாசத்துல போறவங்களும் இத கேப்பீங்க, அதனால வேகமா சொல்லிடறேன். கபுகிஸாவுல மே மாச நிகழ்ச்சி 9ஆம் தஞ்சூரோ, 5ஆம் கிகுகோரோங்கற ரெண்டு பெரிய நடிகர்கள் நினைவா நடக்கும். அது ரெண்டும் வழிவழியா வர்ற பட்டப்பேர். 2025 மே மாசம் 8ஆம் கிகுகோரோ அந்தப் பேர ஏத்துக்கிட்டது அந்த மேடையிலதான். இந்த மாதிரி பெயர் ஏற்பு நடக்கற மாசத்துல டிக்கெட் விலை ஏறும், சீக்கிரம் தீரும். முதல் தடவை போறவங்க தவிர்க்கறது உத்தமம். செப்டம்பர் முதலாம் கிச்சியெமோன் நினைவா. ஏப்ரல்ல ஷிகோகு தீவுல கொதோஹிராங்கற ஊர்ல, 1835ல கட்டின கனமாரு-ஸா அரங்கத்துல ஒரு நிகழ்ச்சி வழக்கமா நடக்கும். அங்க சுழல் மேடைய இன்னும் ஆளுங்கதான் கீழ நின்னு தள்றாங்க. தரையில பாய்ல உக்காரணும், முட்டி வலி இருந்தா யோசிங்க.

ஆகஸ்ட்டப் பத்தி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். அந்தக் காலத்துல கோடையில அரங்கம் அனலா கொதிக்கும். பெரிய நடிகர்கள் ஓய்வு எடுத்துக்குவாங்க. இளசுங்கள வெச்சு, விலைய குறைச்சு, பேய்க் கதையும் மேடையில நிஜத் தண்ணி கொட்டற காட்சியும் போடுவாங்க. 1825ல நான்போகு எழுதின 'யோத்ஸுயா' பேய் நாடகம் அரங்கேறினது கூட கோடையிலதான். கபுகிஸாவுல 1990லேர்ந்து ஆகஸ்ட் நிகழ்ச்சி அந்த வழியில போகுது. மத்த மாசம் மாதிரி ரெண்டு பகுதி இல்லாம மூணு பகுதியா பிரிப்பாங்க. ஒவ்வொண்ணும் சின்னது. பசங்களோட போறவங்களுக்கு என்னைக் கேட்டா இதுதான் சரியான மாசம்.

இப்ப அந்த நாலு மணி நேரம். பயப்படாதீங்க, அது ஒரே நாடகம் இல்ல. சாதாரணமா காலை 11 மணிக்கு ஒரு பகுதி, சாயங்காலம் நாலே கால், நாலரைக்கு ஒரு பகுதி. ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட், தனித்தனி நாடகம். ஒரு பகுதிக்குள்ள ரெண்டு மூணு உருப்படி இருக்கும். ஒரு பெரிய சரித்திர நாடகத்துலேர்ந்து ஒரு அங்கம், நடுவுல ஒரு நடனம், அப்புறம் ஊர்க்காரங்க வாழ்க்கைய வெச்சு ஒரு கதை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. இதுக்கு 'மிதோரி'ன்னு பேரு, பொறுக்கி எடுத்ததுன்னு அர்த்தம். ஒரே நாடகத்த முழுசா போட்டா 'தோஷி'. 2025ல சூஷின்குரா உட்பட மூணு பெருங்காவிய நாடகங்கள மூணு மாசம் அப்படிப் போட்டாங்க. பாஷை தெரியாம முதல் தடவை போறவங்களுக்கு தோஷி சரிப்படாது. அதுலயும் சூஷின்குராவோட நாலாம் அங்கத்துல ஒரு பிரபு வயித்தக் கிழிச்சுக்கற காட்சி நடக்கும்போது கதவ சாத்திடுவாங்க. உள்ளயும் விட மாட்டாங்க, வெளியயும் விட மாட்டாங்க. அது மரபு. லேட்டா போனா வெளியிலயே நிக்க வேண்டியதுதான்.

அதனால மாசத்துப் பட்டியல்ல நடனமோ, கண்ணால புரியற நாடகமோ இருக்கற பகுதியா பாத்து எடுங்க. 'கஞ்சிஞ்சோ' போட்டா யோசிக்காம எடுங்க. 1840ல அரங்கேறினது, ஒரு மணி பத்து நிமிஷம் வாக்குல ஓடும். அண்ணனுக்குப் பயந்து மாறுவேஷத்துல தப்பிக்கற யோஷித்ஸுனேவ, கூட வர்ற பெங்கேய் ஒரு காவல் சாவடியில எப்படிக் காப்பாத்தறார்ங்கறதுதான் கதை. வெத்துச் சுருள விரிச்சு வெச்சுக்கிட்டு எழுதியிருக்கற மாதிரியே வாசிப்பார். காவலருக்குச் சந்தேகம் வந்ததும் சொந்த எஜமானையே தடியால அடிப்பார். இத தெரிஞ்சுக்கிட்டுப் போனா வார்த்தை புரியாட்டியும் போதும். 'முசுமே தோஜோஜி' நடனமும் அப்படித்தான். அதுல உடுப்பு கண்ணெதிர்ல நொடியில மாறும். மேல் உடுப்ப தற்காலிகத் தையல்ல பிடிச்சு வெச்சிருப்பாங்க. நூல் நுனியில சின்னக் குண்டு இருக்கும். ஆடிக்கிட்டே இருக்கும்போது பின்னாடி இருக்கற உதவியாளர் ஒவ்வொண்ணா உருவிட்டே வந்து, தாளத்துல சட்டுன்னு இழுப்பார். ஒரு நூல் சிக்கினாலும் உடுப்பு பாதியில தொங்கும். நடிகரைப் பாக்கற நேரத்துல அந்த உதவியாளர் கையையும் பாருங்க.

சீட்டு. மேடைக்கு இடது பக்கம், நம்ம பக்கத்துலேர்ந்து பாத்து சொல்றேன், கூட்டத்துக்கு நடுவுல ஒரு நடைமேடை பின்பக்கம் வரைக்கும் போகும். ஹனமிச்சின்னு பேரு. சுமார் 18 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். முக்கியமான வருகை, புறப்பாடு எல்லாம் அதுலதான். அதுல மேடைக்கு மூணு பங்கு, பின் திரைக்கு ஏழு பங்கு தூரத்துல இருக்கற இடத்துக்கு 'ஷிச்சிசன்', ஏழு-மூணு. நடிகர் அங்கதான் நின்னு, சிலை மாதிரி உறைஞ்சு நிலை பிடிப்பார். அதனால கீழ்த்தளத்துல எடுத்தா ஹனமிச்சிக்கு வலது பக்கம் எடுங்க. இடது பக்கம் இருக்கற அஞ்சாறு இருக்கை கிட்டத்துலதான் இருக்கும், ஆனா நிறைய நேரம் முதுகுதான் தெரியும். மூணாம் மாடியில எடுத்தா இடது ஓரம், அவங்க மேற்குன்னு போட்டிருப்பாங்க, அத விட்டுடுங்க. ஹனமிச்சி உங்க காலுக்குக் கீழ மறைஞ்சிடும். நடு இல்லன்னா கிழக்கு, அதாவது வலது பக்கம். 2013ல திறந்த இப்போதைய கட்டடத்துல சாய்வ சரி பண்ணினதால, மூணாம் மாடி நடுவுலேர்ந்து ஷிச்சிசன் தெரியும். அதுக்குப் பின்னாடி தெரியாது. கஞ்சிஞ்சோ கடைசியில திரை மூடினப்புறம் பெங்கேய் மட்டும் ஹனமிச்சியில துள்ளித் துள்ளிப் போவார். மேல இருக்கறவங்களுக்கு அதோட ஆரம்பம்தான் கிடைக்கும்.

விலை மாசத்துக்கு மாசம் மாறும். கீழ்த்தளம் 18,000 யென் பக்கம், மூணாம் மாடி பின்வரிசை 5,000 யென் பக்கம்னு வெச்சுக்கோங்க. பொது விற்பனை முந்தின மாசம் நடுவாக்குல திறக்கும்.

இவ்வளவு வேணாம், ஒண்ணே ஒண்ணு பாத்தா போதும்னா 'ஹிதோமகுமி', ஒரு அங்க டிக்கெட் இருக்கு. நாலாம் மாடி, மொத்தம் 90 இருக்கை வாக்குல. நேரத்தப் பொறுத்து விலை, பெரும்பாலும் ரெண்டாயிரம் யென்னுக்குள்ள. எண் போட்ட இருக்கைகள முந்தின நாள் மதியம் 12 மணிக்கு இணையத்துல திறப்பாங்க. பிரபலமான உருப்படின்னா நிமிஷத்துல போயிடும். எண் இல்லாத கொஞ்சம் இருக்கை அன்னைக்கே கவுண்டர்ல. தனி வாசல், தனி லிப்ட், கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பாக்க முடியாது. தொலைநோக்கி இல்லாம போகாதீங்க. முக ஒப்பனையில சிவப்புக் கோடு வீரனுக்கு, நீலம் வில்லனுக்கு, பழுப்பு பேய்க்கு. அந்தக் கோடே அங்கேர்ந்து தெரியாது.

முழுப் பகுதி பாத்தா நடுவுல அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. இருக்கையிலயே சாப்பிடலாம். ஹிகாஷி-கின்ஸா மெட்ரோ நிலையத்துலேர்ந்து நேரா ஏறினா அரங்கத்துக்கு அடியிலயே கடைவீதி, பெட்டிச் சாப்பாடு கிடைக்கும். சைவம்னா அத நம்பாதீங்க. காய்கறிய கூட மீன் கொதிக்க வெச்ச சாறுலதான் வேக வெச்சிருப்பாங்க. கையோட எடுத்துட்டுப் போங்க. அந்த அரை மணியில முதல் பத்து நிமிஷம் கழிப்பறை வரிசை நீளமா இருக்கும். சாப்பிட்டுட்டுப் போங்க, ஆனா மணியடிக்கறதுக்கு முன்னாடி.

கை தட்டறது, வலது ஓரத்துல ஒருத்தர் மரக்கட்டையால பலகைய படபடன்னு அடிச்சு, நடிகர் கண்ண உருட்டி நிலை பிடிக்கும்போது. மேல் மாடியிலேர்ந்து சிலர் நடிகர் வீட்டுப் பேரச் சொல்லிக் கத்துவாங்க. அது பழகினவங்க வேலை, அரை நொடி தப்பினாலும் அசிங்கம். நீங்க முயற்சி பண்ணாதீங்க. முடிஞ்சப்புறம் நடிகர்கள் வந்து வணங்குவாங்கன்னு உக்காந்திருக்க வேணாம், மரபு நாடகத்துல அந்த வழக்கம் கிடையாது. திரை மூடினா அவ்வளவுதான், எழுந்துடுங்க. ஓடற நேரம் நிமிஷக் கணக்கா அரங்கத்துத் தளத்துல போட்டிருக்கும். சாயங்காலப் பகுதி எட்டரை வாக்குல முடியும். அன்னைக்கே கியோத்தோ கிளம்பறதா இருந்தா, டோக்கியோ நிலையத்துலேர்ந்து கடைசி நொஸொமி ரயில் ஒன்பதுக்குக் கொஞ்சம் பின்னாடிதான். பெட்டி படுக்கைய காலையிலயே நிலையத்து லாக்கர்ல போட்டுட்டு வந்துடுங்க.